பித்தப்பை என்று சொல்லிவிட்டு வந்தவர்

சத்திரசிகிச்சை விடுதிக்குப் புதிதாக வரும் தங்கச்சிமாரும் தம்பிமாரும் என்னை எங்கே கண்டாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சிஸ்டர், இந்த ஒப்பரேசனுக்கு எத்தின நாள் வச்சிரிக்கணும்?" மார்பை எடுத்துவிட்டு, அதே மேசையிலேயே புதிய மார்பு அமைக்கும் சிகிச்சை நம் பக்கத்திலும் வந்துவிட்ட பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடியிருக்கிறது. வெளிநாடுகளில் சில இடங்களில் மறுநாளே வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று டொக்டர்மார் கதைப்பதை நானும் கேட்டிருக்கிறேன். அனுப்பட்டும். அங்கே நோயாளியின் வீட்டுக்குத் தாதி ஒருவர் போய்ப் பார்க்கிறாராம். நம் நோயாளியின் வீட்டுக்கு ஊரே போகும், ஆளுக்கொரு பிஸ்கட் பெட்டியோடு.

எண் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. எண் வேண்டுமென்றால் டொக்டரிடம் கேளுங்கள், அவர் சொல்வார், அது சரியாகவும் இருக்கும். நான் ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். அவருடைய பெயரை மாற்றியிருக்கிறேன், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க சிஸ்டர், என்னக் கொஞ்சம் நல்லவளாக் காட்டுங்க" என்றார். அதற்கு நான் பொறுப்பில்லை.

யோகராணி பனிச்சங்கேணியைச் சேர்ந்தவர். நாற்பதைத் தாண்டிய வயது. கணவர் வாவியில் இறால் பிடிப்பவர். ஒரே மகள், முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். யோகராணிக்கு இடது மார்பில் புற்றுநோய். எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் அந்த மார்பை எடுத்துவிட்டு, முதுகிலிருந்து தசையும் தோலுமாக ஒரு பகுதியை அதன் இரத்தக்குழாய் அறாமல் கிளப்பி, அக்குளுக்குக் கீழாக முன்னே கொண்டுவந்து புதிய மார்பாக வைத்துத் தைத்தார். நீங்கள் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். வைத்த மார்பு முழுவதும் அந்த ஒரு குழாயை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. உள்ளே இரத்தம் கட்டிக் குழாயை நெரித்தால் எல்லாம் போச்சு.

ஒப்பரேசன் முடிந்த மறுநாளே யோகராணி எழுந்து உட்கார்ந்துவிட்டார். டொக்டர் வந்து "நோகுதா?" என்று கேட்டால், "இல்ல டொக்டர்" என்பார். முதுகு? "இல்ல." கை? "அதுவும் இல்ல." காயத்தில் ஊறும் நீர் வடிவதற்கு வைத்த குழாயின் போத்தலை ஒரு கடைப் பையில் போட்டுக்கொண்டு, ஆரும் பிடிக்காமல் தானே மலசலகூடம் போய் வந்தார். தலை சீவிப் பொட்டும் வைத்திருந்தார். விடுதியில் எல்லோருக்கும் அவரைப் பிடித்துப் போயிற்று. எங்களுக்கோ கட்டில் நெருக்கடி, கட்டில் கிடைக்காமல் மர வாங்கில் படுத்துக் கிடந்தவர்களும் இருந்தார்கள்.

"சிஸ்டர், இவட துண்ட நாளைக்கே வெட்டலாம் போல இரிக்கே" என்றாள் என்னோடு வேலை செய்த இளம் தாதி. நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதைத்தான் துண்டு வெட்டுவது என்கிறோம்.

முறைப்பாடே சொல்லாத நோயாளியில் எனக்கு எப்போதும் நம்பிக்கை குறைவு. அவ்வளவு பெரிய வெட்டுக்குப் பிறகு நோகவில்லை என்று சொல்கிறவர் ஒன்றில் பொய் சொல்கிறார், அல்லது அவருக்கு அதைவிடப் பெரிய நோவு ஒன்று இருக்கிறது. நான் கட்டிலோரத்தில் நின்றேன். நான் பார்க்கவில்லை என்று நினைத்து அவர் மறுபக்கம் திரும்பும்போது உதட்டைக் கடித்தார்.

"என்னகா இவ்வளவு அவசரம்?" என்று கேட்டேன்.

"வீட்டுல வேல கிடக்கு சிஸ்டர்."

"வேல எங்க ஓடப் போகுது?"

சிரித்தார்.

பதில் மத்தியானம் அவருடைய கணவரின் வாயால் வந்தது. மனிசன் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "சிஸ்டர், அந்தக் குழாய இண்டைக்குக் கழட்ட ஏலாதா?" என்றார்.

"ஏன்?"

"பித்தப்பைக்குக் குழாய் வைக்கிறல்லயாம். பக்கத்து வளவுக்காரி சொல்றா."

"எந்தப் பித்தப்பை?"

அப்போதுதான் கதை வெளியே வந்தது. ஊரில் எல்லோருக்கும் பித்தப்பையில் கல் என்று சொல்லிவிட்டுத்தான் யோகராணி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். உண்மை தெரிந்தவர்கள் கணவரும் மகளும் மட்டும். பக்கத்து வளவுக்காரி கொஞ்சக் காலத்துக்கு முன் பித்தப்பையை எடுத்து, இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டியவர். ஆகவே பித்தப்பைக்கு எத்தனை நாள் என்று அந்த ஊருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அதற்கு மேல் ஒரு நாள் பிந்தினாலும் "என்னவோ மறைக்கிறாங்க" என்று தொடங்கிவிடும்.

தொடங்கினால் என்ன என்று கேட்பீர்கள். மகளுக்குத் தேற்றாத்தீவில் ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். நம் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வாழ வருவார். மகளுக்காகக் கட்டிய வீட்டைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தார்கள். தாய்க்குப் புற்றுநோய் வருத்தம் என்று தெரிந்தால், நாளைக்கு மகளுக்கும் வரும் என்று நினைத்துச் சம்பந்தத்தை விட்டுவிடுவார்கள் என்பதுதான் யோகராணியின் பயம். வெள்ளிக்கிழமை அவர் பித்தப்பை எடுத்த பெண்ணாக வீட்டு வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்க வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது. "பொய் சொல்றதெண்டா கொஞ்சம் பெரிய ஒப்பரேசனாப் பாத்துச் சொல்லியிரிக்கலாமே" என்று அந்த மனிசனிடம் பாய்ந்தேன்.

"அவக்குத் தெரிஞ்ச ஒப்பரேசன் அதுதான் சிஸ்டர்" என்றார் பாவம்.

அவர் பஸ்ஸுக்குப் போன பிறகு யோகராணியிடம் போனேன். விசயம் எனக்குத் தெரியும் என்பது என் முகத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "நான் கையெழுத்து வச்சிட்டுப் போறன் சிஸ்டர்" என்றார். வைத்தியர் அனுப்பாமல் தன் பொறுப்பில் போவதற்கு வைக்கும் கையெழுத்து அது. அது அவருடைய உரிமை, நான் மறுக்கவில்லை. காலையில் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள் என்றேன். விடியும்வரை பொறுக்கச் சம்மதித்தார்.

அன்றைக்கே பார்வையாளர் நேரத்தில் ஒரு அம்மா என் மேசைக்கு வந்தார். உயரமான ஆள். கக்கத்தில் குடை, கையில் தோடம்பழம் நிறைந்த கனமான பை.

"மிஸ், பனிச்சங்கேணி யோகராணி எந்தக் கட்டில்? பித்தப்பை ஒப்பரேசன் செஞ்சவ. நான் தேற்றாத்தீவில இருந்து வாறன். அவட மகளுக்கு என்ட மகனத்தான் பேசியிரிக்கு. ஆஸ்பத்திரியில இரிக்கிற ஆள வந்து பாக்காம எப்பிடி வீடு பாக்கப் போற?"

இந்த இடத்தில் கொஞ்சம் கவனியுங்கள். "ஜன்னலோரக் கட்டிலம்மா. வருத்தத்தப் பத்தி அவவிட்டயே கேளுங்க, நாங்க ஆருக்கும் சொல்றல்ல" என்றேன். அவர் முகம் சுருங்கவில்லை. ஏனென்றால் அவருக்கு முன்னால் நின்றவருக்கும் நான் அதே பதிலைத்தான் சொல்லியிருந்தேன். அந்த மனிசனுடைய தம்பி பெருவிரலை வெட்டிக்கொண்டு வந்து ஆண்கள் பக்கத்தில் படுத்திருந்தான். "பெருவிரலுக்குமா இந்தக் கெடுபிடி?" என்று அந்த மனிசன் முணுமுணுக்க, அந்த அம்மா அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். பெருவிரலைப் பற்றி வாய் நிறையக் கதைத்துவிட்டு யோகராணியைப் பற்றிக் கேட்டதும் நான் வாயை மூடியிருந்தால், அந்த மௌனமே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். இரகசியம் காப்பதென்றால் ஒரு சின்ன வெட்டுக் காயத்துக்கும் காக்க வேண்டும். பெரிய வருத்தத்துக்கு மட்டும் காத்தால் அது காட்டிக் கொடுப்பதுதான்.

நான் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புழுக்கத்திலும் யோகராணி போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். சிரித்துச் சிரித்துக் கதைத்தார். வந்தவர் பையை நீட்டியபோது, வலது கையில் சேலைன் ஊசி இருந்ததால் இடது கையை நீட்டி அதை வாங்கி, எட்டிக் கட்டிலருகே இருந்த அலுமாரியின் மேல் வைத்தார். நான் எழும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இரத்தக் கசிவு அந்தப் பையால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சும்மா படுத்திருப்பவர்களுக்கும் வருவதுண்டு. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவருடைய முகம் வெளுத்தது. வாய் சிரித்தபடியே இருந்தது. போர்வைக்குள் ஒரு கை நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது.

போனேன். "ஊசி போடுற நேரம், கொஞ்சம் வெளியில நில்லுங்கம்மா" என்று அந்த அம்மாவை அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தேன். போர்வையை விலக்கினேன். வைத்த மார்பு விம்மி, தோல் மினுங்கி, நிறம் ஊதாவுக்குத் திரும்பியிருந்தது. மத்தியானம் வெறுமையாக்கிய போத்தலில் புது இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

"எப்ப தொடக்கம்?"

"இப்பதான் சிஸ்டர்." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அவ போகட்டும். பஸ்ஸுக்குப் போற ஆள், இப்ப போயிருவா. அவ போன மறுகா பாப்பம். என்ட புள்ளட வாழ்க்க சிஸ்டர்."

எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. இளம் தாதிக்குக் கண்ணைக் காட்டினேன், அவள் டொக்டருக்குத் தொலைபேசி எடுக்க ஓடினாள். யோகராணி கேட்பது கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் எங்கள் கையில் இருக்கவில்லை. அதட்டி ட்ரொலியில் ஏற்றியிருக்கலாம், பலர் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அது அவருடைய உடம்பு, அவருடைய மகள். விலை என்ன என்று சொல்லாமல் நான் எப்படி முடிவு எடுப்பது?

"கேளுங்க" என்றேன். "உள்ளுக்க இரத்தம் கட்டுது. இப்ப ஒப்பரேசன் தியேட்டருக்குப் போகாட்டி வச்ச மார்பு கறுத்துப் போகும், மறுகா வெட்டி எறியிறதுதான். இரத்தம் நிக்காட்டி உசிருக்கும் மோசம். அவ எழும்பிப் போறதுக்கிடையில இது நடக்கலாம். நான் ஆறுதலுக்கு ஒண்டும் சொல்லல்ல. உங்கட விருப்பத்தச் சொல்லுங்க, கெதியா."

கண்ணை மூடினார். இரண்டு பக்கமும் தண்ணீர் வழிந்தது. "கொண்டு போங்க" என்றார்.

ட்ரொலி வெளியே வந்தபோது தேற்றாத்தீவு அம்மா தாழ்வாரத்தில் நின்றார். யோகராணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மிஸ், பித்தப்பைக்கு இப்பிடியும் வாறயா?"

"நான் ஒண்டும் சொல்ல ஏலாதம்மா."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்து எல்லோரையும் வெளியே அனுப்ப வந்த காவலாளி அந்த அம்மாவிடமும் வந்தார். "இவட ஆக்கள் ஒருத்தரும் இஞ்ச இல்லயே. புருசன் வரும்வரைக்கும் நான் இரிக்கன்" என்று சொல்லி அந்த அம்மா தியேட்டருக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய பஸ் போய்விட்டது.

டொக்டர் உள்ளே திறந்து, கட்டியிருந்த இரத்தத்தை எடுத்து, கசிந்த சின்னக் குழாயைக் கட்டினார். மார்பின் நிறம் திரும்பியது. மார்பு தப்பியது என்று அவர் சொன்னார்.

மயக்கம் தெளிந்ததும் யோகராணி மார்பைப் பற்றிக் கேட்கவில்லை. "அவ போயிட்டாவா?" என்றுதான் கேட்டார்.

"இல்ல. வெளியில இரிக்கா."

கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு, "நீங்களே சொல்லிருங்க சிஸ்டர்."

"நான் சொல்ல மாட்டன். நீங்க சொல்லுங்க. வேணுமெண்டாப் பக்கத்தில நிக்கிறன்."

கல்மனம் என்று நினைக்காதீர்கள். தாதி சொன்னால் அது ஆஸ்பத்திரியில் பிடிபட்ட பொய். தானே சொன்னால் அது அவருடைய சொந்தப் பேச்சு. கேட்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

அந்த அம்மா உள்ளே வந்தார். யோகராணி சுற்றி வளைக்கவில்லை. "எனக்குப் பித்தப்பை இல்லக்கா. மார்பில கேன்சர். எடுத்திட்டு முதுகுச் சதையால புதுசா வச்சிரிக்கு" என்றார்.

அந்த அம்மா என்னைப் பார்த்து, "இது புள்ளைக்கும் வருமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதிலை நான் சொல்லக் கூடாத கேள்வி. "அத அந்தப் புள்ள விரும்பினா, அவ டொக்டரிட்டக் கேக்கட்டும்" என்றேன்.

அவர் யோகராணியின் பக்கம் திரும்பினார். "வருத்தம் வாறது ஆர்ர கையிலயும் இல்ல. ஆனா பித்தப்பை எண்டு சொன்னீங்களேகா, அதுதான் எனக்குக் குத்துது. நான் வீட்டுல கதைச்சிட்டுச் சொல்றன்." குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தொலைபேசியில் செய்தி கேட்ட யோகராணியின் கணவர் அப்போதுதான் மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தார். தாழ்வாரத்தில் இருவரும் சந்தித்தபோது அந்த அம்மா தலையை மட்டும் அசைத்தார்.

வெள்ளிக்கிழமை வந்து போயிற்று. வீடு பார்க்க ஒருவரும் போகவில்லை. தொலைபேசியும் வரவில்லை. தோடம்பழப் பை அலுமாரியில் அப்படியே இருந்தது, யோகராணி அதைத் தொடவில்லை.

காயம் நன்றாக ஆறியது. குழாயில் நீர் வடிவது குறைந்து, அதையும் கழற்றியாயிற்று. துண்டு வெட்டலாம் என்று டொக்டர் சொன்னபோது யோகராணி, "இன்னும் நோகுது டொக்டர்" என்றார். மறுநாள் முதுகு நோவு. அதற்கு மறுநாள் தலைச்சுற்று. நோவு இருந்தபோது இல்லை என்றவர், இல்லாதபோது இருக்கிறது என்றார். தாதிமாருக்கு எரிச்சல். "முந்திப் போறன் போறன் எண்டு நிண்டவ, இப்ப கட்டில விடுறா இல்ல" என்று முணுமுணுத்தார்கள். நோவுக்குக் கொடுத்த மாத்திரைகள் தலையணைக்குக் கீழே இருந்ததை நானும் கண்டேன்.

அதைக் கையில் எடுத்துக் காட்டி வெட்கப்படுத்தியிருக்கலாம். கட்டிலில் உட்கார்ந்து, "வீட்ட போகப் பயமா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஓம் சிஸ்டர். நான் இஞ்ச இரிக்கும்வரைக்கும் அவங்க இல்லையெண்டு சொல்லல்லத்தானே."

நீங்கள் கேட்கும் எத்தனை நாள் என்ற கேள்விக்குப் பதில் அன்றைக்குத்தான் எனக்குச் சரியாக விளங்கியது. காயத்தைப் பார்ப்பது பாதி வேலை. ஆள் ஏன் போக அவசரப்படுகிறார், ஏன் போக மறுக்கிறார் என்று கேட்பது மற்றப் பாதி. கேட்ட பிறகு அவர் விரும்பியதையே செய்ய வேண்டும் என்றில்லை. முதல் தடவை போக விட்டிருந்தால் பனிச்சங்கேணிப் பாதையிலேயே இரத்தம் கட்டியிருக்கும். இந்தத் தடவை வைத்திருந்தால், ஒரு பதிலுக்குப் பயந்து ஒரு மனிசி ஆஸ்பத்திரியில் குடியிருப்பார், வாங்கில் வேறொருத்தி வெட்டுக் காயத்தோடு கிடப்பாள்.

"நாளைக்குத் துண்டு வெட்டுறம். சொல்றதெண்டா அவங்க எங்க இருந்தாலும் சொல்லுவாங்க" என்றேன். யோகராணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சரியானதைத்தான் செய்தேன். ஆனாலும் அன்றைக்கு வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை துண்டு எழுதி முடிந்தது. கையால் பாரம் தூக்கக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, உணர்ச்சி இல்லாத தோல் என்பதால் சூட்டு ஒத்தடம் வைக்கவே கூடாது என்று கணவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். பஸ்ஸில் கொண்டு போகலாமா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தபோது, விடுதி வாசலில் ஒரு இளைஞர் நிற்பதைக் கண்டேன். பார்வையாளர் நேரம் இல்லை என்பதால் உள்ளே காலை வைக்கவில்லை. கையில் ஓட்டோச் சாவி.

"ஆரப் பாக்க வந்தீங்க?"

"ஜன்னலோரக் கட்டில்."

"நீங்க அவக்கு ஆர்?"

என் தோளுக்கு மேலாக உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"தேற்றாத்தீவில இருந்து வாறன் சிஸ்டர். பின் சீற்றுல ரெண்டு தலகணி வச்சிரிக்கன், மெதுவாத்தான் ஓடுவன். மாமிய எந்தப் பக்கம் இருத்தணும்?"

"வலப் பக்க ஓரத்தில இருத்துங்க தம்பி, இடப் பக்கம் ஒண்டும் முட்டக் கூடாது" என்றேன். மறந்துவிடக் கூடாதென்று இன்னொரு தடவையும் சொன்னேன்.